சேணத்தைக் கழற்றியபின் என்ன பார்த்தார்?

நெடுந்தூரக் குதிரைப் பயணத்தைப் பற்றிய புத்தகம் எது கைக்கு வந்தாலும் நான் முதலில் தேடுவது குதிரையின் முதுகைத்தான். எத்தனை நாடு கடந்தார், எங்கே சாவைத் தொட்டுத் திரும்பினார் என்பதெல்லாம் அப்புறம். சாயங்காலம் சேணத்தைக் கழற்றியதும் முதுகைத் தடவிப் பார்த்தாரா? வீக்கம் இருந்ததா? இருந்திருந்தால் மறுநாள் ஏறினாரா, இறங்கி நடந்தாரா? இதற்கெல்லாம் பதில் சொல்கிற புத்தகத்தைத்தான் நான் நம்புவேன். பதிலே இல்லாத புத்தகம் எவ்வளவு அழகாக எழுதப்பட்டிருந்தாலும் எனக்குள் ஒரு சந்தேகம் இருந்துகொண்டே இருக்கும்.

நான் கால்நடை மருத்துவர். என் வேலையில் பெரும்பகுதி மாடும் ஆடும்தான். நீலகிரியில் பணியில் இருந்த காலத்தில்தான் குதிரைகளை நிறையப் பார்த்தேன். சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஏரியோரம் நடக்கும் மட்டக்குதிரைகள். அவற்றில் பலவற்றுக்குக் கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் மேட்டில், பழுப்பு உடம்பில் வெள்ளை முடித் திட்டுகள் இருக்கும். பிறவியிலேயே வந்த நிறம் என்று பார்ப்பவர்கள் நினைப்பார்கள். அது பழைய அழுத்தத்தின் தடம். சேணம் ஒரே இடத்தில் அழுத்திக்கொண்டே இருந்தால் அந்தத் தோலுக்கு ரத்தம் போகாது. மயிர்க்கால்களில் நிறம் தரும் செல்கள் செத்துப்போகும். புண் ஆறிய பிறகும் அங்கே வெள்ளை முடிதான் முளைக்கும்.

ஒரு குதிரைக்காரரிடம் ஒரு வாரம் சேணமே போடக் கூடாது என்று சொன்னேன். "ஒரு வாரம் சவாரி இல்லைன்னா இதுக்குத் தீனிக்கு எங்கேங்க மேடம் போவேன்? எனக்கும் சேத்துதானே அது நடக்குது" என்றார். அவர் குதிரையை வெறுப்பவர் இல்லை. மழை வந்தால் தன் சாக்கை எடுத்து அதன் மேல் போடுகிறவர். சேணத்துக்கு அடியில் வைக்கும் கம்பளத்தைக் காயம் படாதபடி எப்படி மடிப்பது என்று அன்று காட்டிவிட்டு வந்தேன். அதற்குப் பிறகுதான் இந்த வகைப் புத்தகங்களை ஒன்று விடாமல் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். ஒரு சவாரி இல்லாவிட்டால் ஒரு நாள் தீனி இல்லை என்பது ஒரு கணக்கு. முதுகு போனால் பயணமே இல்லை என்பது வேறொரு கணக்கு. இரண்டாவது கணக்கைப் போட்டவர்கள் எப்படிப் போட்டார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை.

அந்தக் கணக்கை மிகச் சரியாகப் போட்ட ஆள் ஏமே சிஃபெலி. சுவிட்சர்லாந்தில் பிறந்தவர், அர்ஜெண்டினாவில் பள்ளி ஆசிரியர். 1925 ஏப்ரலில் பியூனஸ் அயர்ஸிலிருந்து இரண்டு குதிரைகளோடு கிளம்பி 1928இல் வாஷிங்டன் போய்ச் சேர்ந்தார். சுமார் 10,000 மைல். 1933இல் வந்த அவருடைய புத்தகம் இந்த வகை எழுத்தில் மிக முக்கியமானது என்று சொல்லலாம். கிளம்பும்போது அங்கிருந்த பத்திரிகைகள் அவரைப் பைத்தியக்காரர் என்று எழுதின. அதற்குக் காரணமும் இருந்தது. ஆள் குதிரைப்படை வீரர் இல்லை. குதிரைகளோ இளமையைத் தாண்டியவை.

மான்ச்சா, காத்தோ என்று அந்த இரண்டு குதிரைகளுக்குப் பெயர். கிரியோயோ என்ற இனம். ஸ்பானியர்கள் கொண்டுவந்து விட்ட குதிரைகள் தென்னமெரிக்கப் புல்வெளிகளில் பல நூற்றாண்டுகள் தாமாகவே திரிந்து, பஞ்சத்தையும் குளிரையும் தாங்கியவை மட்டும் மிஞ்சி, அப்படி உருவான இனம். இறக்குமதி செய்த உயரமான குதிரைகளின் மோகத்தில் அது கலப்பாகி அழிந்துகொண்டிருந்த காலம் அது. அதை மீட்டெடுத்தவர் எமிலியோ சொலானெட். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான்: சொலானெட் ஒரு கால்நடை மருத்துவர், பல்கலைக்கழகப் பேராசிரியர். படகோனியாவின் தெஹுவெல்சே மக்களிடமிருந்து குதிரைகளை வாங்கிவந்து, தன் பண்ணையில் வளர்த்து, இனத்தின் இலக்கணத்தை எழுதியவர். சிஃபெலிக்கு இரண்டு குதிரைகளைக் கொடுத்தவரும் அவரே. தான் சொல்வது சரி என்று நிரூபிக்க ஒரு மருத்துவர் தன் குதிரைகளை மூன்று வருடம் கண்ணுக்கு எட்டாத தூரத்துக்கு அனுப்பிவைக்கிறார். அந்தத் துணிவை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மதிப்பு கூடுகிறது.

புத்தகத்தில் எல்லோரும் எடுத்துச் சொல்கிற இடங்கள் உண்டு. ஆண்டீஸ் மலைச்சரிவில் காத்தோ கால் தவறிச் சறுக்கி, பள்ளத்தின் விளிம்பில் நின்ற ஒற்றை மரத்தில் தட்டி நின்றது. கயிற்றுப் பாலத்தில் ஒவ்வொரு குதிரையாகப் பிடித்து நடத்திச் சென்றது. ஆழமில்லாத தண்ணீரில் இறங்க மாட்டேன் என்று குதிரை அடம்பிடிக்க, அந்தப் பக்கத்து ஆள் ஓடிவந்து அது புதைமணல் என்று காட்டியது. இவையெல்லாம் மயிர்க்கூச்செறிய வைக்கும் இடங்கள்தான்.

ஆனால் நான் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கும் பக்கம் வேறு. பெருவின் கடலோரப் பாலைவனத்தைக் கடக்கும் முன் அவர் தண்ணீரைப் பற்றி யோசிக்கும் பத்தி அது. குதிரைகளுக்காக அவர் தண்ணீர் எடுத்துச் செல்லவில்லை. தண்ணீரைச் சுமப்பதில் அவை இழக்கும் தெம்பு, அதைக் குடிப்பதால் கிடைக்கும் நன்மையைவிட அதிகம் என்று கணக்குப் போடுகிறார். பொதி மிருகத்தின் முதுகுக்குத் தண்ணீரைப் போல இம்சையான சுமை வேறில்லை என்கிறார். உள்ளே குலுங்கிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு அடிக்கும் சுமை இடமும் வலமும் போய்வரும். தோல் தேய்ந்துவிடும். அதனால் சுமையைக் குறைத்து, வேகத்தைக் கூட்டி, அடுத்த ஆற்றங்கரைக்குச் சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடுவது அவருடைய வழி. தனக்கென்று ஒரு குப்பியில் பிராந்தியும் இன்னொன்றில் உப்பு கலந்த எலுமிச்சைச் சாறும் மட்டும். அந்தச் சாறு குடிக்கச் சகிக்காது, அதனாலேயே நிறையக் குடிக்கும் ஆசை வரவில்லை என்று எழுதுகிறார்.

இந்தப் பத்தியைப் படித்ததும் இந்த ஆள் சொல்வது எல்லாம் உண்மை என்று எனக்கு முடிவாகிவிட்டது. வீட்டிலிருந்து கற்பனை செய்கிறவர் பாலைவனம் என்றதும் தோல்பை தோல்பையாகத் தண்ணீரைக் குதிரை மேல் ஏற்றியிருப்பார். முதுகைத் தினமும் தொட்டுப் பார்த்தவருக்குத்தான் தண்ணீர் குலுங்குவது தெரியும்.

கூடவே நிறைய நடக்கிறார் மனிதர். செங்குத்தான இறக்கங்களில் இறங்கிக்கொள்கிறார். இறக்கத்தில் சேணம் முன்னால் சரிந்து தோள்மேட்டில்தான் இடிக்கும், அங்கேதான் முதல் புண் வரும். இரண்டு குதிரைகளில் ஒன்றில் ஏறுவது, இன்னொன்றில் பொதி ஏற்றுவது, பிறகு மாற்றுவது. இரவில் வௌவால்கள் வந்து குதிரைகளின் ரத்தத்தைக் குடித்துவிட்டுப் போகும் பள்ளத்தாக்குகளில், காலையில் எழுந்ததும் அவர் முதலில் போவது அவற்றின் கழுத்தைப் பார்க்க.

காத்தோ அமைதியானது, மான்ச்சா எதையும் சந்தேகப்படுவது. வேறு ஆள் கிட்டே போனால் சீறும். கார்கள் நெரியத் தொடங்கிய அமெரிக்கச் சாலைகளில் இரண்டையும் கொண்டுபோவது ஆபத்து என்று காத்தோவை செயின்ட் லூயிஸில் விட்டுவிட்டு மான்ச்சாவோடு மட்டும் வாஷிங்டன் போனார். குதிரைகளை அங்கேயே பூங்காவில் காட்சிக்கு விட்டுவிடலாமே என்று கேட்டவர்களுக்கு அவர் உடன்படவில்லை. ஊர் திரும்ப அவர் போக நினைத்திருந்த கப்பல் வெஸ்ட்ரிஸ். நேஷனல் ஜியோகிராஃபிக் சொசைட்டியில் உரை நிகழ்த்த அழைப்பு வந்ததால் பயணத்தைத் தள்ளிவைத்தார். 1928 நவம்பரில் அந்தக் கப்பல் கடலில் மூழ்கியது. காத்தோவையும் வரவழைத்து, வேறு கப்பலில் மூவரும் திரும்பினார்கள். காத்தோ 1944 வரையிலும் மான்ச்சா 1947 வரையிலும் சொலானெட்டின் பண்ணையில் மேய்ந்தன. இரண்டும் முப்பது வயதைத் தாண்டியவை. பத்தாயிரம் மைல் நடந்த குதிரை அதற்குப் பிறகும் அத்தனை வருடம் உயிரோடிருந்தது என்றால், வழியில் அதன் உடம்பு பாழாகவில்லை என்று அர்த்தம். ஒரு மருத்துவராக நான் கேட்கும் ஒரே சான்றிதழ் அதுதான்.

பந்தயப் புத்தகங்கள் வேறு ரகம். பயணத்தில் நாளை என்று ஒன்று இருக்கிறது, நிற்கலாம். பந்தயத்தில் கடிகாரம் ஓடும். அதனாலேயே அங்கே கால்நடை மருத்துவரின் கை ஓங்கியிருக்கிறது. 1955இல் கலிஃபோர்னியாவில் வெண்டெல் ரோபி என்பவர், ஒரு நல்ல குதிரை ஒரே நாளில் 100 மைல் போகுமா என்ற வாக்குவாதத்துக்குப் பதிலாக, டாஹோ ஏரிப் பக்கமிருந்து ஆபர்ன் நகரம் வரை சியெரா நெவாடா மலையைக் கடந்து சில நண்பர்களோடு சவாரி செய்து காட்டினார். அதுதான் இன்றுவரை நடக்கும் டெவிஸ் கோப்பை. 24 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். கிளம்புகிறவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர்தான் முடிக்கிறார்கள். பெரும்பாலும் வழியில் மருத்துவர்கள் நிறுத்திவிடுவார்கள். 1974இல் கோர்டி ஐன்ஸ்லி என்பவர் குதிரையே இல்லாமல் அதே பாதையை ஓடிக் கடந்தார், 23 மணி 42 நிமிடத்தில். மலைப்பாதையில் மனிதர்கள் ஓடும் நூறு மைல் ஓட்டங்களின் தொடக்கம் அங்கேதான்.

அந்தச் சோதனைச் சாவடிகளில் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இந்தப் புத்தகங்களில் பாதி புரியாது. ஓய்வில் இருக்கும் குதிரையின் இதயம் நிமிடத்துக்கு முப்பது நாற்பது தடவை அடிக்கும். ஓடி வந்து நின்றதும் நூறைத் தாண்டியிருக்கலாம். கேள்வி அது எவ்வளவு ஏறியது என்பதல்ல, எவ்வளவு சீக்கிரம் இறங்குகிறது என்பது. குறித்த நேரத்துக்குள் 64க்கோ, சில இடங்களில் 60க்கோ வந்தாக வேண்டும். பிறகு ஈறை விரலால் அழுத்திவிட்டு ரத்தம் திரும்புவதைப் பார்ப்பார்கள். கழுத்துத் தோலைக் கிள்ளி விடுவார்கள். விலாவுக்குப் பின்னால் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் குடல் சத்தம் கேட்பார்கள். குடல் மௌனமாக இருந்தால் அதுதான் பயம். கடைசியில் கையில் பிடித்து மெல்ல ஓடவிட்டு நொண்டுகிறதா என்று பார்ப்பார்கள்.

இதில் பலருக்குத் தெரியாத ஒன்று: குதிரையின் வியர்வை நம்முடையதைப் போல இல்லை. அதில் உப்பு மிக அதிகம். வெயிலில் கடுமையாக ஓடும் குதிரை மணிக்குப் பத்துப் பதினைந்து லிட்டர் வரைகூட வியர்க்கும். தண்ணீரோடு உப்பும் சேர்ந்தே போய்விடுவதால் ரத்தத்தின் உப்படர்த்தி ஏறுவதில்லை. அடர்த்தி ஏறினால்தான் மூளைக்குத் தாகம் தெரியும். ஆக, உடம்பு வற்றிக்கொண்டிருக்கும் குதிரை தண்ணீர்த் தொட்டியின் முன்னால் நின்றும் குடிக்காமல் தலையைத் திருப்பிக்கொள்ளும். அனுபவம் இல்லாதவர் 'தாகம் இல்லை போலிருக்கிறது' என்று கிளம்பிவிடுவார். இந்த ஒரு விஷயம் தெரிந்த பிறகு எந்தப் பந்தயப் புத்தகத்தையும் நான் சும்மா படிக்க முடிவதில்லை. தொட்டி வரும் இடமெல்லாம் நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

அப்படிப் படித்தது லாரா ப்ரையர்-பாமர் 2019இல் எழுதிய புத்தகம். மங்கோல் டெர்பி என்ற 1,000 கிலோமீட்டர்ப் பந்தயத்தை 2013இல், 19 வயதில், வென்றவர். அதை வென்ற முதல் பெண். செங்கிஸ்கான் காலத்து அஞ்சல் முறைபோல ஏறக்குறைய 40 கிலோமீட்டருக்கு ஒரு தடவை குதிரையை மாற்றிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு நிலையத்திலும் மருத்துவர் நாடி பார்ப்பார். இறங்காவிட்டால் சவாரிக்காரருக்குத் தண்டனையாக நேரம் கூட்டப்படும். அந்த வருடம் எல்லைக்கோட்டை முதலில் தொட்டவர் வேறொருவர். அவருடைய கடைசிக் குதிரையின் நாடி நேரத்துக்குள் இறங்கவில்லை. தண்டனை சேர்ந்து அவர் இரண்டாமிடம் ஆனார். பின்னால் வந்த லாராவின் குதிரை சோதனையைத் தாண்டியது. ஆயிரம் கிலோமீட்டருக்குப் பிறகு வெற்றியைத் தீர்மானித்தது ஒரு குதிரையின் இதயம். எனக்கு அது முழுக்க நியாயமான முடிவாகவே பட்டது.

புத்தகம் என்று பார்த்தால் எனக்கு அதில் ஒரு குறை. எழுத்து துடிப்பானது, மனசுக்குள் நடப்பதை அப்படியே பிடித்துவைக்கிற எழுத்து. ஆனால் நாளுக்கு மூன்று நான்கு குதிரைகள் வந்துபோகின்றன. எந்தக் குதிரையோடும் நமக்கு ஒட்டுதல் வருவதில்லை. காத்தோ மரத்தில் தட்டி நின்றபோது என் கை குளிர்ந்தது. இங்கே அப்படி ஒரு கணம் வரவில்லை. அது எழுதியவர் குறையல்ல, பந்தயத்தின் அமைப்பு அப்படி.

டிம் கோப்பின் புத்தகம் இதற்கு நேர் எதிர். ஆஸ்திரேலியர். 2004இல் மங்கோலியாவின் கார்கோரினிலிருந்து கிளம்பி, கசகஸ்தான், ரஷ்யா, உக்ரைன் வழியாக 2007இல் ஹங்கேரியில் டான்யூப் நதிக்கரையை அடைந்தார். சுமார் 10,000 கிலோமீட்டர். கிளம்பும்போது அவருக்குக் குதிரையேற்றமே சரியாகத் தெரியாது. முதல் சில நாட்களுக்குள் இரவில் குதிரைகள் திருடுபோகின்றன. தேடிப்போனால் ஒரு மேய்ப்பர், குதிரைகள் தாமாகவே என்னிடம் வந்துவிட்டன, நீ சரியாகக் கட்டவில்லை போலிருக்கிறது என்கிறார். அந்த இடத்தில் கோப் கோபப்படுவதில்லை, கட்டக் கற்றுக்கொள்கிறார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது அங்கேதான். கசகஸ்தானில் ஒருவர் டிகோன் என்ற நாய்க்குட்டியைக் கொடுக்க, அது வளர்ந்து பயணம் முழுக்கக் கூடவே ஓடிவருகிறது. வழியில் அப்பா விபத்தில் இறந்த செய்தி வருகிறது. ஊருக்குப் போய்த் திரும்பி வந்து மிச்சப் பாதையை முடிக்கிறார். நீளமான புத்தகம், நடுவில் வரலாறு சற்று அதிகம். ஆனாலும் அவசரப்படாமல் படிக்கலாம். ஸ்டெப்பி என்ற அந்தப் புல்வெளியின் மக்கள் குளிர்காலத்துக்கு முன் குதிரைக்கு எவ்வளவு கொழுப்பு ஏற்ற வேண்டும், வேலைக்கு முன் அதை எப்படி இறுக்கிக் கொண்டுவர வேண்டும் என்று பேசுகிற இடங்களில் நான் மாணவியாகிவிட்டேன். எங்கள் பாடப் புத்தகங்களில் அது ஒரு பத்தி. அங்கே ஒவ்வொரு கிழவருக்கும் அது கை பழகிய வித்தை.

பொய்ப் புத்தகங்களும் உண்டு. ஃபிராங்க் ஹாப்கின்ஸ் என்ற அமெரிக்கர், 1890இல் அரேபியாவில் நடந்த 3,000 மைல் பந்தயத்தை முஸ்டாங் குதிரையில் வென்றதாக எழுதிவைத்தார். 2004இல் அது படமாகவும் வந்தது. அப்படி ஒரு பந்தயம் நடந்ததற்கு எந்தத் தடயமும் இல்லை என்று வரலாற்று ஆய்வாளர்களும், ஒரே பயணத்தில் ஆயிரம் மைலோ அதற்கு மேலோ சவாரி செய்தவர்களின் சங்கமான லாங் ரைடர்ஸ் கில்டும் எடுத்துக்காட்டிவிட்டார்கள். அவர்கள் ஆவணங்களைப் புரட்டிக் கண்டுபிடித்ததை ஒரு மருத்துவர் தண்ணீரைக் கொண்டே கேட்கலாம். நூறு குதிரைகள் கிளம்பின என்கிறார் ஹாப்கின்ஸ். பாலைவன வெயிலில் உழைக்கும் குதிரைக்கு நாளுக்கு ஐம்பது லிட்டர் என்று வைத்தாலும், நூறு குதிரைக்கு ஒரே நாளில் ஐயாயிரம் லிட்டர். எந்தக் கிணற்றில், யார் இறைத்தார்கள், எத்தனை மணி நேரம் காத்திருந்தார்கள்? குளம்பை யார் பார்த்தார்கள்? தீனி எங்கிருந்து வந்தது? சிஃபெலி ஒரு பத்தியில் சொல்லிவிடுகிற விஷயங்கள் அவை.

இந்த வரிசையில் கடைசியாக ஒரு மூதாட்டி. மெசானி வில்கின்ஸ். 1954இல், அறுபது வயதைத் தாண்டியபின், இன்னும் சில வருடம்தான் உயிரோடிருப்பாய் என்று டாக்டர் சொன்னபிறகு, அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்திலிருந்து கலிஃபோர்னியாவுக்குக் கிளம்பினார். டார்சான் என்ற குதிரை, ஒரு குட்டி நாய், வரைபடம் இல்லை. போகும் வழியெல்லாம் ஊர்க்காரர்கள் லாயத்தில் இடம் கொடுத்திருக்கிறார்கள். அவர் எழுதிய புத்தகம் 1967இல் வந்தது. டாக்டர் சொன்ன கெடுவைத் தாண்டி 1980 வரை இருந்தார். எழுத்துக்கு மெருகு இல்லை. ஆனால் ஒவ்வொரு ஊரிலும் குதிரைக்கு இடம் கிடைத்த பிறகுதான் தனக்கு இடம் தேடுகிறார்.

இப்போது மேசையில் இருப்பது அர்ஜெண்டினாக்காரர் அனா பேகரின் புத்தகம். 1950இல் பியூனஸ் அயர்ஸிலிருந்து கிளம்பி 1954இல் கனடாவின் ஒட்டாவாவுக்குப் போய்ச் சேர்ந்தவர். சிஃபெலியின் பாதையைப் பெரும்பாலும் தனியாகப் போன பெண். வழியில் குதிரைகளை இழந்து, வேறு குதிரைகளோடு தொடர்ந்தவர். அதனால் இதைப் படிக்கும்போது கொஞ்சம் நடுக்கம் இருக்கிறது. பத்துப் பக்கம் படித்ததும் மூடிவைக்கிறேன், மறுபடி எடுக்கிறேன். இழந்த குதிரைகளைப் பற்றி அவர் எப்படி எழுதுகிறார் என்பதை முடித்தபின் தனிப் பதிவாகவே எழுதுகிறேன். இதற்குள் யாராவது படித்திருந்தால், முடிவைச் சொல்லாமல், முதுகைப் பற்றி மட்டும் சொல்லுங்கள்.